விதியின் பின்னே சென்ற பேனா: லூயிஸ் கரோலின் அறியப்படாத நூல்கள்

லூயிஸ் கரோல் என்ற பெயர், முயல் வளைக்குள் விழுந்து அற்புத உலகம் ஒன்றைக் காணும் ஆலிஸ் என்ற சிறுமியின் கதையோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கதையை எழுதிய அதே கை கணிதப் பாடநூல்களையும், யூக்ளிடின் வடிவியலுக்கு ஆதரவாக ஒரு நாடகத்தையும், வாக்கெடுப்பு நடத்தும் முறைகளைப் பற்றிய சிறுநூல்களையும், டென்னிஸ் போட்டிகளின் பரிசளிப்பில் நிகழும் அநீதி பற்றிய ஒரு கணக்கையும், கடிதம் எழுதுவோருக்கான அறிவுரைகளையும் எழுதி அச்சிட்டது என்பது அதனாலேயே பலரும் அறியாத செய்தியாகிவிட்டது. விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலமான 1837 முதல் 1901 வரையிலான ஆண்டுகளில், பல துறைகளில் எழுதிக் குவித்தவர்கள் இங்கிலாந்தில் அரியவர்கள் அல்லர். ஆனால் கரோலின் எழுத்துகளை வரிசையாக எடுத்துப் படிப்பவருக்கு, ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மனத்தைவிட, எந்தத் துறைக்குள் நுழைந்தாலும் அங்கே நிலவும் விதி எது என்று முதலில் கேட்டுக்கொண்டு, பின்பு அந்த விதி எங்கே இழுத்துச் சென்றாலும் அஞ்சாமல் அதன் பின்னே போகிற ஒரே மனமே கண்ணில் படும்.

அவருடைய இயற்பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். செஷயர் மாவட்டத்தின் டேர்ஸ்பரி என்ற சிற்றூரில், ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவானவர் ஒருவருக்கு 1832 ஜனவரி 27 அன்று பிறந்த அவர், பதினொரு பிள்ளைகள் கொண்ட அந்தக் குடும்பத்தின் மூத்த மகன். 1851இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குள் மாணவராக நுழைந்தவர், கணிதத்தில் முதல் வகுப்புப் பெற்று, அங்கேயே விரிவுரையாளராகி, 1881 வரை அந்தப் பணியைச் செய்து, 1898 ஜனவரி 14 அன்று இறக்கும்வரை அந்தக் கல்லூரியையே தம் வீடாகக் கொண்டிருந்தார். 1861இல் திருச்சபையின் தொடக்க நிலைப் பதவியான திருத்தொண்டர் பட்டம் பெற்றாரே தவிர, முழுக் குருவாக ஆகவில்லை. 1867இல் நண்பர் ஒருவருடன் ரஷ்யாவரை சென்று வந்ததைத் தவிர, வெளிநாட்டுப் பயணம் எதுவும் இல்லாத இந்த வாழ்க்கையின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் எழுத்துமேசையிலேயே நடந்தன.

புனைபெயர் பிறந்த கதையிலேயே அந்த மனத்தின் போக்கு தெரிகிறது. சார்லஸ் லட்விட்ஜ் என்ற தம் பெயரின் இரு பகுதிகளையும் இலத்தீனில் கரோலஸ், லுடோவிகஸ் என்று மாற்றி, அவற்றின் வரிசையைத் திருப்பிப்போட்டு, மீண்டும் ஆங்கில வடிவத்துக்குக் கொண்டுவந்தபோது லூயிஸ் கரோல் என்ற பெயர் கிடைத்தது. இப்படி உருவாக்கிய சில பெயர்களை அவர் அனுப்ப, 'தி டிரெய்ன்' என்ற இதழின் ஆசிரியர் எட்மண்ட் யேட்ஸ் அவற்றிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்து 1856இல் ஒரு கவிதையின் கீழ் அச்சிட்டார். அன்றிலிருந்து கதைகளும் பாடல்களும் கரோல் பெயரிலும், கணிதமும் கல்லூரி விவகாரங்களும் டாட்ஜ்சன் பெயரிலுமாக இரண்டு வாழ்க்கைகள் நடந்தன. புனைபெயருக்குரிய நூல்களோடு தமக்குத் தொடர்பு இருப்பதாகத் தாம் உரிமை கோருவதுமில்லை, ஒப்புக்கொள்வதுமில்லை என்று தெரிவிக்கும் ஒரு சுற்றறிக்கையையே 1890இல் அச்சடித்து, முன்பின் அறியாதவர்கள் எழுதிய கடிதங்களுக்கு மறுமொழியாக அவர் அனுப்பத் தொடங்கினார்.

ஆலிஸ் கதையில் மகிழ்ந்த விக்டோரியா அரசி இந்த ஆசிரியரின் அடுத்த நூலைத் தமக்கு அனுப்புமாறு பணித்ததாகவும், வந்து சேர்ந்ததோ அணிக்கோவைகள் பற்றிய கணித நூல் என்றும் ஒரு கதை இன்றுவரை வழங்கி வருகிறது. இதில் ஒரு சொல்கூட உண்மையில்லை என்று அவரே 1896இல் தம் தருக்க நூலின் பதிப்பொன்றில் மறுத்து எழுதியிருக்கிறார். மறுத்த பிறகும் அந்தக் கதை மறையாததற்குக் காரணம், கதைசொல்லி வேறு, கணித ஆசிரியர் வேறு என்று இருவராகப் பிரித்துப் பார்ப்பது வாசகர்களுக்கு வசதியாக இருப்பதே. உண்மையில் அந்தப் பிரிவினையை அவராலேயே காப்பாற்ற முடியவில்லை. தருக்கத்தை இளைஞர்களிடமும் சிறுவர்களிடமும் கொண்டுசேர்க்க விரும்பியபோது, அந்த நூல்களின் அட்டையில் டாட்ஜ்சன் என்று போடாமல் லூயிஸ் கரோல் என்றே போட்டார்.

ஆலிஸ் கதையின் தோற்றம் பலமுறை சொல்லப்பட்டதே. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் தலைவரும், புகழ்பெற்ற கிரேக்க அகராதி ஒன்றைத் தொகுத்தவர்களுள் ஒருவருமான ஹென்றி லிடெலின் மூன்று பெண்களையும் 1862 ஜூலை 4 அன்று தேம்ஸ் நதியில் காட்ஸ்டோ வரை படகில் அழைத்துச் சென்றபோது வாய்மொழியாகச் சொன்ன கதையை, நடுப்பெண்ணான ஆலிஸ் எழுதித் தரும்படி கேட்க, அவர் தம் கையாலேயே எழுதி, படமும் வரைந்து 1864இல் அவளுக்குப் பரிசளித்தார். அச்சுக்குப் போகும்போது கதை ஏறத்தாழ இரு மடங்கானது. இன்று அனைவரும் நினைவில் வைத்திருக்கும் பைத்தியக்காரத் தேநீர் விருந்தும், உடல் மறைந்தபின் சிரிப்பு மட்டும் தங்கும் செஷயர் பூனையும் கையெழுத்துப் படியில் இல்லை, அச்சுக்காகச் சேர்க்கப்பட்டவை.

அதிகம் சொல்லப்படாதது, நூல் தயாரிப்பில் அவர் காட்டிய பிடிவாதம். மாக்மில்லன் நிறுவனம் வெளியீட்டாளராக இருந்தாலும், அச்சுச் செலவு அனைத்தையும் ஆசிரியரே ஏற்பது என்ற ஏற்பாட்டில்தான் அந்த நூல் வந்தது. 1865இல் 2000 படிகள் அச்சாகி முடிந்த நிலையில், படங்கள் சரியாகப் பதியவில்லை என்று ஓவியர் ஜான் டென்னியல் குறை கூறியதும், அந்தப் பதிப்பு முழுவதையும் அவர் திரும்பப் பெற்றார். வேறு அச்சகத்தில் புதிதாக அச்சிட்டு அதே ஆண்டின் இறுதியில் நூலை வெளியிட்டார். கைவிடப்பட்ட தாள்கள் நியூயார்க்கில் இருந்த ஒரு பதிப்பகத்துக்கு விற்கப்பட்டன. ஒரு கல்லூரி விரிவுரையாளரின் வருமானத்துக்கு இது பெரிய இழப்பு. முதல் அச்சில் எஞ்சியிருப்பவை இருபதுக்குச் சற்றே கூடுதலான படிகள் மட்டும் என்பதால், உலகில் மிக அரிய நூல்களுள் ஒன்றாக அது இன்று கருதப்படுகிறது.

அந்தக் காலத்துக் குழந்தை நூல்கள் பெரும்பாலும் நன்னெறி புகட்டவே எழுதப்பட்டன. பிள்ளைகள் மனப்பாடம் செய்தே ஆகவேண்டிய அறிவுரைப் பாடல்கள் இருந்தன. ஆலிஸ் அவற்றை ஒப்பிக்க முயலும்போதெல்லாம் வாயில் வேறு சொற்கள் வந்து விழுகின்றன, சந்தம் மட்டும் மாறாமல் நிற்கிறது. மூலப் பாடலின் யாப்பை அப்படியே காத்துக்கொண்டு பொருளை மட்டும் தலைகீழாக்கும் இந்தப் பகடி, விதியைத் துல்லியமாக அறிந்தவரால் மட்டுமே செய்யக்கூடியது. 1871 டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் கதையான 'கண்ணாடியின் ஊடே' இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதன் களமே ஒரு சதுரங்கப் பலகை. ஆலிஸ் அதில் ஒரு வெள்ளைச் சிப்பாய். கட்டம் கட்டமாக முன்னேறி அரசியாக மாறி, 11 நகர்த்தல்களில் வெல்கிறாள் என்று நூலின் முகப்பிலேயே ஆட்டத்தின் வரைபடம் அச்சிடப்பட்டுள்ளது. அந்நூலில் வரும் 'ஜாபர்வாக்கி' என்ற பாடலின் முதல் நான்கு அடிகளை, ஆங்கிலத்தின் மிகப் பழைய கவிதைத் துண்டு என்ற பாவனையில், 1855இலேயே தம் குடும்பத்தினருக்காகத் தயாரித்த கையெழுத்து இதழில் அவர் எழுதி வைத்திருந்தார். சொற்கள் அகராதியில் இல்லாதவை என்றாலும், பெயர்ச்சொல் நிற்கவேண்டிய இடத்தில் பெயர்ச்சொல்லும் வினை நிற்கவேண்டிய இடத்தில் வினையும் நிற்பதால், கேட்பவருக்கு ஏதோ புரிந்ததுபோலவே இருக்கிறது. இலக்கணம் என்ற விதி, பொருள் இல்லாமலேயே எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கான சோதனையாகவே அந்தப் பாடலைப் படிக்கலாம். 1876இல் வந்த 'ஸ்னார்க் வேட்டை' என்னும் நெடுங்கவிதையோ, 1874இல் ஒரு நடையின்போது மனத்தில் திடீரென வந்து விழுந்த ஒற்றை அடியைக் கடைசி அடியாக வைத்து, பின்னோக்கிக் கட்டப்பட்டது.

அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குள் சுற்றுக்கு விட்ட துண்டுப் பிரசுரங்கள் இன்று விளக்கம் இல்லாமல் புரியாதவை. பேராசிரியர் பெஞ்சமின் ஜோவட்டின் ஆண்டுச் சம்பளத்தை 40 பவுனிலிருந்து 500 பவுனாக உயர்த்துவது பற்றி 1865இல் நடந்த சச்சரவை, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான 'பை'யின் மதிப்பைக் கணக்கிடும் கட்டுரையாக வேடமிட்டு எழுதினார். 1872இல் கல்லூரி முற்றத்தின் மேலே கோயில் மணிகளுக்காக எழுப்பப்பட்ட மரக்கூண்டைப் பார்த்துக் கொதித்து, அதன் கலையழகை ஆராயும் அறிஞர் நூலைப்போல ஓர் அங்கதம் எழுதி, தம் பெயரின் முதலெழுத்துகளை வரிசை மாற்றிக் கையொப்பமிட்டார். இவற்றில் உள்ள கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் கோபம் எப்போதும் ஒரு நிரூபணத்தின் வடிவத்திலோ வரையறைகளின் வரிசையாகவோதான் வெளிப்பட்டது.

கல்லூரிச் சண்டைகளிலிருந்தே அவருடைய மிக ஆழமான சிந்தனைகளுள் ஒன்றும் முளைத்தது. பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதிலும், கட்டட வடிவமைப்புகளுக்குள் ஒன்றைத் தெரிவு செய்வதிலும் கல்லூரியின் ஆட்சிக்குழு பின்பற்றிய வாக்கெடுப்பு முறைகள் உறுப்பினர்களின் உண்மையான விருப்பத்தைக் காட்டுகின்றனவா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 1873, 1874, 1876 ஆகிய ஆண்டுகளில் மூன்று சிறுநூல்களை அச்சிட்டுச் சக ஆசிரியர்களுக்கு வழங்கினார். முதல் சிறுநூலிலேயே, அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற சாதாரண முறையின் குறையை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறார். வாக்காளர் 11 பேர், வேட்பாளர் நால்வர். அவர்களுள் ஒருவரை 3 பேர் முதலிடத்திலும் மற்ற 8 பேரும் இரண்டாம் இடத்திலும் வைக்கிறார்கள். அவரைப் பிடிக்காதவர் என்று ஒருவரும் இல்லை. இன்னொருவரை 4 பேர் முதலிடத்தில் வைக்க, எஞ்சிய 7 பேர் கடைசி இடத்தில் தள்ளுகிறார்கள். சாதாரண முறையில் வெல்பவர், பெரும்பான்மையினர் கடைசியாகக் கருதிய இந்த இரண்டாமவரே.

இதற்கு மாற்றாக, வேட்பாளர்களை இருவர் இருவராக நிறுத்தி ஒப்பிட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியே வெல்லக்கூடியவரைத் தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. க, ச, த என்ற மூன்று வேட்பாளர்களை முதல் வாக்காளர் க, ச, த என்றும், இரண்டாமவர் ச, த, க என்றும், மூன்றாமவர் த, க, ச என்றும் வரிசைப்படுத்தினால், இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் கவை விரும்புவோர் சவைத் தோற்கடிக்கிறார்கள், சவை விரும்புவோர் தவைத் தோற்கடிக்கிறார்கள், தவை விரும்புவோரோ மீண்டும் கவைத் தோற்கடித்துவிடுகிறார்கள். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொருவரும் தெளிவான கருத்துடையவர்கள்தான். சேர்ந்து நின்றதும் கருத்து சுழற்சியாகிவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே இதை முன்பே கண்டிருந்தார். ஆனால் அவருடைய நூலை டாட்ஜ்சன் படித்திருக்கவில்லை என்றும், அனைத்தையும் தாமே சிந்தித்துக் கண்டடைந்தார் என்றும் பொருளியல் அறிஞர் டங்கன் பிளாக் வாதிட்டார். மறக்கப்பட்டுக் கிடந்த இந்தச் சிறுநூல்களை 1958இல் தம் நூலின் வழியே உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவரும் பிளாக்கே. 1876ஆம் ஆண்டுச் சிறுநூலின் ஒரு யோசனையிலிருந்து உருவான முறைக்கு 'டாட்ஜ்சன் விதி' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. வாக்காளர்களின் வரிசைகளில் மிகக் குறைந்த இடமாற்றங்களைச் செய்தால் யார் எல்லோரையும் வெல்பவராக ஆவாரோ, அவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எளிமையாகத் தோன்றும் இந்த விதிப்படி வென்றவரைக் கண்டறிவது கணினிக்கும் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1989இல் நிறுவப்பட்டது. பைத்தியக்காரத் தேநீர் விருந்தை எழுதியவருக்குச் செலுத்தவேண்டிய மரியாதையில் பாதியேனும், இருபது முப்பது பேர் மட்டும் படிப்பதற்காக இதை எழுதியவருக்குச் சேரவேண்டும்.

1883இல் வந்த டென்னிஸ் சிறுநூலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. தோற்றவர் உடனே வெளியேறும் நாக்-அவுட் முறையில், திறமை மிக்கவரே எப்போதும் வெல்வார் என்று வைத்துக்கொண்டால், முதல் பரிசு சரியான ஆளுக்கே போகும். இரண்டாம் பரிசு அப்படியல்ல. ஆட்டக்காரர்கள் 32 பேர் என்றால், முதல்வர் ஓர் இடத்தில் அமர்ந்த பிறகு எஞ்சியிருப்பவை 31 இடங்கள். அவற்றுள் 15 இடங்கள் முதல்வரின் பாதியிலும், 16 இடங்கள் எதிர்ப் பாதியிலும் உள்ளன. இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் குலுக்கலில் எதிர்ப் பாதிக்குள் விழுந்தால்தான் இறுதிப் போட்டிவரை வந்து, தமக்குரிய பரிசைப் பெறமுடியும். எனவே அதற்கான வாய்ப்பு 31இல் 16 மட்டுமே, அதாவது பாதியைச் சற்றே தாண்டியது. தம்மைவிடச் சிறந்தவர் மூவர் என்பது நேரடியாகவோ மறைமுகமாகவோ உறுதியாகும்வரை எவரையும் போட்டியிலிருந்து நீக்கக்கூடாது என்பது அவர் முன்வைத்த மாற்று. விம்பிள்டன் போட்டிகள் 1877இல்தான் தொடங்கின; ஆட்டம் இன்னும் நிலைபெறாத அந்தக் காலத்திலேயே அதன் விதியில் உள்ள அநீதி அவர் கண்ணை உறுத்தியது.

டாட்ஜ்சன் என்ற பெயரில் வந்த கணித நூல்களுள் விந்தையானது, 1879இல் வெளியான 'யூக்ளிடும் அவருடைய நவீனப் போட்டியாளர்களும்'. ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடமாக இருந்த கிரேக்க அறிஞர் யூக்ளிடின் வடிவியலை நீக்கிவிட்டுப் புதிய பாடநூல்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியர்கள் சிலர் அப்போது இயக்கம் நடத்திக்கொண்டிருந்தனர். அதற்கு மறுப்பாக அவர் எழுதியது நான்கு அங்கங்கள் கொண்ட ஒரு நாடகம். விடைத்தாள் திருத்திக் களைத்து உறங்கிப்போன தேர்வாளர் ஒருவர் முன் யூக்ளிடின் ஆவி தோன்றுகிறது. அதன்பின் போட்டி நூல்கள் ஒவ்வொன்றாக விசாரணைக்கு வருகின்றன. அவற்றுக்காக வாதாடுபவர் 'யாருமில்லை' என்ற பொருளில் ஜெர்மன் பெயர் தாங்கிய ஒரு பேராசிரியர். எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஆலிஸின் இரண்டாம் கதையில், சாலையில் யாருமில்லை என்று ஆலிஸ் சொல்ல, அந்த 'யாருமில்லை'யை ஓர் ஆளாக எண்ணிக்கொண்டு அவளுடைய கண்பார்வையை வெள்ளை அரசர் வியக்கிறார். அதே ஆள்தான் இங்கே வடிவியல் வழக்கில் வழக்கறிஞராக வந்து நிற்கிறார். நூலின் வாதம் காலத்தின் முன் தோற்றது. பள்ளிகள் யூக்ளிடைக் கைவிட்டன. ஆனாலும், ஒரு நிரூபணத்தில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் என்ன கெடும் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டும் நூல்கள் குறைவு.

அவருடைய கணிதத்தில் காலத்தை வென்று நிற்பது, 1866இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்து, மறு ஆண்டு நூலிலும் இடம்பெற்ற ஒரு கணக்கிடும் முறை. எண்களைச் சதுரமாக அடுக்கிய ஓர் அமைப்பிலிருந்து, குறிப்பிட்ட விதிப்படி பெருக்கியும் கழித்தும் பெறப்படும் ஒற்றை எண்ணுக்கு அணிக்கோவை என்று பெயர். பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்ப்பதற்கு அது உதவும். பெரிய சதுரங்களுக்கு அதைக் கணக்கிடுவது மிகுந்த உழைப்பைக் கேட்கும். சதுரத்தைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போவது டாட்ஜ்சனின் வழி. 3, 1, 1 என்பது முதல் வரிசை, 1, 2, 7 என்பது இரண்டாம் வரிசை, 1, 5, 20 என்பது மூன்றாம் வரிசை என்று கொண்டால், அடுத்தடுத்துள்ள நான்கு எண்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழிக்க 5, 5, 3, 5 என்ற நான்கு எண்கள் கொண்ட சிறிய சதுரம் கிடைக்கும். அதையும் அவ்வாறே பெருக்கிக் கழித்தால் 25இலிருந்து 15 போக 10. அதை முதல் சதுரத்தின் நடுவிலிருந்த 2ஆல் வகுத்தால் விடை 5. நடு எண் பூச்சியமாக இருந்தால் வகுக்க முடியாது, வரிசைகளை இடம் மாற்றி மீண்டும் தொடங்கவேண்டும் என்பது இதன் ஒரே தொல்லை. 1980களில் கணித அறிஞர்கள் சிலர் இந்த முறையை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, குறி மாறும் அணிகள் என்ற புதிய வகை அமைப்புகள் வெளிப்பட்டன. அவற்றின் எண்ணிக்கையைப் பற்றிய ஊகத்தை நிரூபிக்க 1990கள்வரை ஆயிற்று.

இரவில் உறக்கம் வராதபோது, தாளும் பேனாவும் இன்றிப் பெரும்பாலும் மனத்துக்குள்ளேயே போட்டு முடித்த 72 கணக்குகளை 1893இல் 'தலையணைக் கணக்குகள்' என்ற நூலாக அவர் வெளியிட்டார். உறங்க முடியாத மனத்தில் புகுந்து வருத்தும் எண்ணங்களை விரட்டுவதற்கு இத்தகைய வேலை உதவும் என்பதே அவர் கூறிய காரணம். துணைத்தலைப்பில் இருந்த 'உறக்கமற்ற இரவுகள்' என்ற தொடரைப் படித்துத் தம் உடல்நலம் குறித்து அன்பர்கள் கவலைப்பட்டதால், அடுத்த பதிப்பில் அதை 'விழித்திருக்கும் நேரங்கள்' என்று மாற்றினார்.

சிறு வெளியீடுகளும் விளையாட்டுகளும் தனியொரு பட்டியலுக்கு உரியவை. ஒரு சொல்லில் ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இடையில் வருபவை எல்லாம் பொருளுள்ள சொற்களாகவே இருக்குமாறு இன்னொரு சொல்லை அடையும் 'டப்ளெட்ஸ்' விளையாட்டை, 1879இல் 'வேனிட்டி ஃபேர்' வார இதழில் தொடங்கினார். கடல் என்ற சொல்லை மடலாக்கி, மடலை மணலாக்குவதுபோல அது நடக்கும். எந்தத் தேதிக்கும் கிழமையை மனத்துக்குள்ளேயே கண்டறியும் முறையை 1887இல் 'நேச்சர்' இதழில் விளக்கி, தமக்கு அதற்குச் சராசரியாக 20 நொடிகள் ஆகின்றன என்றும் குறிப்பிட்டார். அறிவியலின் பெயரால் உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதிப்பதை எதிர்த்து 1875இல் எழுதிய கட்டுரையிலும், எதிர்த்தரப்பின் வாதங்களைத் தருக்கப் பிழைகளாக எண்ணிட்டு அடுக்குவதே அவர் கையாண்ட வழி. 1890இல் வந்த கடிதம் எழுதுதல் பற்றிய சிறுநூல், தபால்தலை வைக்கும் உறை ஒன்றோடு சேர்த்து விற்கப்பட்டது. கோபத்தில் எழுதிய கடிதத்தை மறுநாள்வரை அனுப்பாமல் வைத்திருந்து மறுபடியும் படிக்கவேண்டும், நண்பர் கடுமையாக எழுதினால் அதைவிடக் கடுமை குறைந்த மறுமொழியே தரவேண்டும் என்பவை போன்ற அதன் அறிவுரைகள் அனுபவத்திலிருந்து வந்தவை. 1861 முதல், தாம் பெற்ற கடிதங்களையும் அனுப்பிய கடிதங்களையும் வரிசை எண்ணிட்டு அவர் பதிந்துவந்த பேரேட்டில், இறக்கும்போது 98,721 பதிவுகள் இருந்தன.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு தோல்வியும் உண்டு. பல ஆண்டுகள் சேர்த்து வைத்த உரையாடல்களையும் கனவுத் துணுக்குகளையும் இணைத்து 1889இலும் 1893இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'சில்வியும் புரூனோவும்' என்ற நாவல், தேவதைக் கதையும் காதல் கதையும் சமய விவாதமும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதால் வாசகர்களைச் சோர்வடையச் செய்கிறது. ஆலிஸில் உபதேசமே இல்லை. இங்கே உபதேசம் கதையை நசுக்குகிறது. ஆயினும், ஒரு மைலுக்கு ஒரு மைல் என்ற அளவில் நாட்டின் வரைபடம் தயாரித்தவர்கள், அதை விரித்தால் வயலில் வெயில் விழாதே என்று உழவர்கள் மறுத்ததால், நாட்டையே அதன் வரைபடமாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று அதில் வரும் ஒரு பகுதி, துல்லியம் என்ற விதியை எல்லைவரை இழுத்துச் சென்று காட்டுவதில் ஆலிஸுக்கு நிகரானது.

கடைசிப் பத்தாண்டுகளின் பெரும்பகுதியை அவர் தருக்கத்துக்குக் கொடுத்தார். இரண்டு கூற்றுகளை ஏற்றுக்கொண்டால் அவற்றிலிருந்து மூன்றாவது கூற்று எப்போது தவறாமல் கிடைக்கும் என்று ஆராயும் முக்கூற்று வாதத்தை, 1886இல் அச்சான 'தருக்க விளையாட்டு' என்ற நூலில் ஆட்டமாகவே மாற்றினார். நூலோடு கட்டம் போட்ட ஓர் அட்டையும், 4 சிவப்புக் காய்களும் 5 சாம்பல் நிறக் காய்களும் வந்தன. ஒரு கட்டத்தில் ஏதேனும் இருக்கிறது என்றால் சிவப்புக் காய், எதுவுமே இல்லை என்றால் சாம்பல் காய். இரண்டு கூற்றுகளுக்கும் உரிய காய்களை வைத்து முடித்ததும், முடிவை அட்டையைப் பார்த்தே படித்துவிடலாம். 1896இல் வந்த 'குறியீட்டுத் தருக்கம்' நூலின் முதல் பகுதியில் குழந்தைகளும் முதலைகளும் ஒரே வாதத்துக்குள் வருகின்றன. பொருள் எவ்வளவு விபரீதமாக இருந்தாலும் வடிவம் சரியாக இருந்தால் வாதம் செல்லும் என்ற அடிப்படைப் பாடத்தை, இத்தகைய வேடிக்கையான கூற்றுகளைவிடத் தெளிவாகக் கற்பிக்க வழியில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 'மைண்ட்' என்ற தத்துவ இதழில் சில பக்கங்களே கொண்ட ஓர் உரையாடலை அவர் வெளியிட்டிருந்தார். கிரேக்க வீரன் அகிலீஸ் இரண்டு கூற்றுகளைச் சொல்கிறான். அவற்றிலிருந்து கிடைக்கும் முடிவையும் சொல்கிறான். இரண்டையும் ஏற்கிறேன், ஆனால் இவற்றை ஏற்றால் முடிவையும் ஏற்கவேண்டும் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லையே என்கிறது ஆமை. அதையும் மூன்றாவது கூற்றாக அகிலீஸ் எழுதிக்கொள்ள, இந்த மூன்றையும் ஏற்றால் முடிவை ஏற்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று ஆமை மறுபடி கேட்கிறது. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, முடிவு வருவதே இல்லை. விதியைப் பின்பற்றுவது என்பது, அந்த விதியை இன்னொரு கூற்றாக எழுதிச் சேர்த்துக்கொள்வதிலிருந்து முற்றிலும் வேறானது என்ற சிக்கலை இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. தத்துவப் பேராசிரியர்கள் இன்றும் இந்த ஆமைக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் விதிகளின் பின்னே சென்றவர், விதி எந்த இடத்தில் தன் பிடியை இழக்கிறது என்பதையும் தாமே தேடிக் கண்டுபிடித்தார் என்பதால், அவருடைய எழுத்துகள் அனைத்திலும் இந்தச் சில பக்கங்களுக்கே முதலிடம் தரலாம்.

'குறியீட்டுத் தருக்க'த்தின் இரண்டாம் பகுதி முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புப் படிகளும் கையெழுத்துத் தாள்களும் பல இடங்களில் சிதறிப்போக, அந்தப் பகுதி தொலைந்துவிட்டதாகவே நீண்டகாலம் கருதப்பட்டது. தத்துவ அறிஞர் வில்லியம் பார்ட்லி அவற்றைத் தேடித் திரட்டி 1977இல் நூலாக்கியபோது, வாதம் ஒன்றின் முடிவை முதலில் மறுத்துவிட்டு, அந்த மறுப்பு கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு கிளையிலும் முரண்பாட்டில் முடிகிறதா என்று பார்க்கும் ஒரு முறை அதில் இருந்தது தெரியவந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தருக்க அறிஞர்கள் தனியே உருவாக்கிப் பாடநூல்களில் சேர்த்த கிளைமர முறைக்கு அது மிக நெருக்கமானது. 1993 முதல் அவருடைய துண்டுப் பிரசுரங்கள் பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டு, விளக்கக் குறிப்புகளோடு வெளிவரத் தொடங்கியதால், ஆக்ஸ்ஃபோர்டுச் சச்சரவுகளை அறியாத வாசகரும் மணிக்கூண்டு அங்கதத்தையும் வாக்கெடுப்புச் சிறுநூல்களையும் இப்போது படிக்க முடிகிறது.